வறட்சி தாங்கும் பயிரும் நிலத்தின் சாதியும்: ஜகீராபாத் தலித் பெண்கள் காட்டும் வழி

சிறு உழவர்கள் வறட்சி தாங்கும் பயிர்களுக்கு மாறத் தயங்குகிறார்கள் என்பது வேளாண்மைக் கருத்தரங்குகளில் ஓயாமல் கேட்கும் குறை. விழிப்புணர்வு போதவில்லை, பயிற்சி தர வேண்டும், புதிய விதைகளைக் கொண்டு சேர்க்க வேண்டும் என்று பரிந்துரைகள் நீளும். அந்தச் சிறு உழவர் யார், அவர் உழும் நிலம் எப்படிப்பட்டது, அது அவர் பெயரில் இருக்கிறதா என்ற கேள்விகள் அங்கே எழுவதில்லை. சாதியைப் பேசாமல் வறட்சியைப் பேசும் பழக்கம் நம் நாட்டு வேளாண்மை அறிவுலகத்துக்கு வசதியாகவே இருந்து வந்துள்ளது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பட்டியல் சாதியினர் 16.6 விழுக்காடு. 2015-16 வேளாண்மைக் கணக்கெடுப்பில் அவர்கள் கையிலிருந்த சாகுபடி நிலப்பரப்பு 9 விழுக்காட்டுக்கும் குறைவு. அந்தச் சிறு பங்கிலும் பெரும்பகுதி மானாவாரிப் புன்செய். நில உச்சவரம்புச் சட்டங்களின் கீழும் புறம்போக்கு ஒப்படைப்பிலும் தலித்துகளுக்குக் கிடைத்தவை பெரும்பாலும் பிறர் வேண்டாமென்று ஒதுக்கிய சரிவு நிலங்களும் மேல்மண் அரித்துப்போன கல்லாங்காடுகளுமே. ஆகவே வறட்சி தாங்கும் பயிர் என்பது தலித் உழவருக்குப் பல தெரிவுகளுள் ஒன்றன்று. வாய்க்கால் நீர் அவர் நிலத்துக்கு வந்ததே இல்லை. ஆழ்துளைக் கிணறு தோண்டக் கடன் கிடைத்ததும் அரிது. வறட்சி தாங்காத எதையும் அவரால் பயிரிட முடியாது. அப்படியிருந்தும் சோளமும் கம்பும் தினையும் அவர் நிலத்திலிருந்து ஏன் மறைந்தன என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

அதற்குத் தெலங்கானாவின் ஜகீராபாத் பகுதியிலிருந்து ஒரு விடை உண்டு. பழைய மேதக் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், 2016 மாவட்டப் பிரிப்புக்குப் பின் சங்காரெட்டி மாவட்டத்துக்குள் வரும் வறண்ட நிலப்பரப்பு அது. 1983-இல் அங்கே தொடங்கிய தக்காண வளர்ச்சிச் சங்கம், ஏறத்தாழ 75 ஊர்களில் பெண்கள் சங்கங்களை உருவாக்கியது. உறுப்பினர்கள் சுமார் 5,000 பேர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் எழுதப் படிக்க வாய்ப்பு மறுக்கப்பட்ட தலித் பெண்கள்.

சோளம் எப்படித் தோற்றது

தக்காணத்தின் உணவு சோளம். கூலி உழைப்பாளருக்குக் களத்தில் அளக்கப்பட்டதும் அதுவே. 1965-இல் இந்திய உணவுக் கழகமும் வேளாண் விலை ஆணையமும் அமைக்கப்பட்டபின், அரசின் கொள்முதலும் மானியமும் நெல்லையும் கோதுமையையும் சுற்றியே சுழன்றன. சோளத்துக்கென்று செய்யப்பட்ட ஆராய்ச்சியும் வேறு திசையில் சென்றது. 1964-இல் வெளிவந்த முதல் கலப்பினச் சோளமும் அதன் பின்வந்தவையும் குட்டையானவை, விரைவில் விளைபவை, எக்டேருக்குக் கூடுதல் மணி தருபவை. ஆனால் அறுவடைக் காலத்து மழையில் கதிரில் பூஞ்சை பிடித்தது. தட்டை குட்டையாக இருந்ததால் மாட்டுக்குத் தீவனம் குறைந்தது. ஒற்றை மாடு வைத்திருக்கும் வீட்டுக்கு மணியின் எடையோடு தட்டையின் நீளமும் விளைச்சல்தான் என்பதை விதை உருவாக்கியோர் கணக்கில் சேர்க்கவில்லை. 1960-களில் நாடு முழுவதும் ஏறத்தாழ 180 லட்சம் எக்டேரில் விளைந்த சோளம், அண்மை ஆண்டுகளில் 50 லட்சம் எக்டேருக்கும் கீழே இறங்கிவிட்டது.

1983-இல் ஆந்திரத்தில் என்.டி. ராமாராவ் அரசு கிலோ 2 ரூபாய்க்கு அரிசி வழங்கத் தொடங்கியது. பசியைத் தணித்த திட்டம் அது, ஐயமில்லை. ஆனால் ஜகீராபாத்தின் செம்மண் காட்டில் சோளம் விளைவிக்கும் செலவோடு அந்த அரிசியின் விலை போட்டியிட்டபோது சோளம் தோற்றது. அரைகுறை நிலம் வைத்திருந்தோர் உழுவதை நிறுத்தினர். நிலம் தரிசானது. களையெடுப்பு, அறுவடை, கதிரடிப்பு ஆகிய வேலைகளில் கிடைத்த கூலியும் நின்றது. கூலியை இழந்தவர்கள் பெரும்பாலும் தலித் பெண்களே.

இந்த இடத்தில் நமக்கொரு எச்சரிக்கை தேவை. சிறுதானியம் பேசும் நகர்ப்புற ஆர்வலர்கள் பலர், ரேஷன் அரிசிதான் எல்லாக் கேட்டுக்கும் காரணம் என்பது போலப் பேசுகிறார்கள். நெல்லுச்சோறு ஊர்த்தெருவின் அன்றாடமாகவும் சேரியின் திருவிழாவாகவும் இருந்த காலம் நெடுந்தொலைவில் இல்லை. ரேஷன் அரிசி, ஆண்டையின் களத்தில் கையேந்தாமல் உலை வைக்கும் துணிவைத் தந்தது. அதை விட்டுக்கொடுத்து மீண்டும் கூழுக்குத் திரும்புங்கள் என்று எவரும் நமக்கு அறிவுரை சொல்ல முடியாது. ஜகீராபாத் பெண்களும் அரிசியை நிறுத்தச் சொல்லவில்லை. அரிசிக்குக் கிடைக்கும் மானியமும் கொள்முதலும் தங்கள் சோளத்துக்கும் கிடைக்க வேண்டும் என்றார்கள்.

கடனைத் தானியமாகத் திருப்புதல்

அந்தக் கோரிக்கைக்கு அரசு செவிசாய்க்கும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை. 1990-களின் நடுவில் ஒரு மாற்றுப் பொது விநியோக முறையைத் தாங்களே கட்டினார்கள். அதன் இயக்கம் எளிமையானது. தரிசாகக் கிடந்த நிலத்தின் உரிமையாளருக்கு உழவு, எரு, விதை ஆகியவற்றுக்கான முன்பணத்தைச் சங்கம் கடனாகக் கொடுத்தது. இதற்கான தொடக்க நிதி ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகத்திலிருந்து வந்தது. கடன் பணமாக அன்றி, சில ஆண்டுகளுக்குப் பகிர்ந்து, சோளமாகத் திரும்பி வந்தது. அந்தத் தானியம் ஊரிலேயே சேமிக்கப்பட்டு, மழைக்காலத்தில் வேலையும் உணவும் ஒருசேர வற்றும் மாதங்களில் ஏழைக் குடும்பங்களுக்குக் குறைந்த விலையில் விற்கப்பட்டது. விற்ற பணம் ஊர் நிதியாகி, மேலும் தரிசு நிலங்களை உழவுக்குக் கொண்டுவரப் பயன்பட்டது. ஆயிரக்கணக்கான ஏக்கர் தரிசு இப்படி மீண்டது.

யார் ஏழை என்று முடிவு செய்த முறையையும் குறிப்பிட வேண்டும். வட்டாட்சியர் அலுவலகப் பட்டியல் அங்கே ஏற்கப்படவில்லை. ஊர்கூடி, தரையில் கோலப்பொடியால் வீடுகளை வரைந்து, பசியின் அளவைக் கொண்டு ஒவ்வொரு வீட்டையும் தரம் பிரித்தார்கள். எல்லார் முன்னிலையிலும் நடந்ததால் பொய்க்கு இடம் குறைந்தது. கையொப்பமிடத் தெரியாத பெண்கள் தானியக் கணக்கை நடத்தினார்கள்.

இந்தத் திட்டத்தில் பயிரை மாற்றுங்கள் என்ற பிரச்சாரம் முதலில் வரவில்லை. நிலத்தைச் சீர்செய்யும் செலவு, விளைந்ததை வாங்கிக்கொள்ள ஓர் உறுதியான இடம், அதை உண்ண ஒரு வீடு ஆகிய மூன்றும் ஒரே ஊருக்குள் இணைக்கப்பட்டன. பயிர் அவற்றின் பின்னே தானாக வந்தது.

ஒரு வயலில் பதினைந்து பயிர்

வறட்சி தாங்குவது என்றால் என்ன? சோளம் நீர்த்தட்டுப்பாட்டின்போது இலையைச் சுருட்டிக்கொள்ளும். இலையின் மெழுகுப் பூச்சு நீராவிப்போக்கைத் தடுக்கும். வளர்ச்சியை நிறுத்தி, மழை வந்ததும் தொடரும். சோளம் விளைய 400 முதல் 500 மில்லிமீட்டர் நீர் போதும். நெல்லுக்கு 1,200 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டும். கரும்பு அதையும் கடக்கும். தினை 80, 90 நாளில் அறுவடைக்கு வந்துவிடுவதால் வறட்சி முற்றும் முன் தப்பித்துக்கொள்கிறது. ஒன்று வறட்சியைத் தாங்குகிறது, மற்றது வறட்சியிலிருந்து நழுவுகிறது. இரண்டையும் ஒரே சொல்லால் குறிப்பது விதை விற்பனையாளருக்கு உதவலாம், உழவருக்கு உதவாது. முன்பருவ மழை பொய்க்கும் இடத்தில் ஒன்றும், பின்பருவ மழை பொய்க்கும் இடத்தில் மற்றொன்றும் காக்கும்.

எந்த மழை பொய்க்கும் என்று எவருக்கும் தெரியாது. ஆகவே ஜகீராபாத் பெண்கள் ஒரே பயிரை நம்புவதில்லை. செம்மண் நிலத்தில் சோளம், கம்பு, தினை, துவரை, பச்சைப்பயறு, அவரை, எள், பேயெள் எனப் பதினைந்து, இருபது வகைகளை ஒரே வயலில் விதைக்கிறார்கள். பயறு முதலில் வீட்டுக்கு வரும், தினை அடுத்து, சோளம் பின்னர், துவரை கடைசியில். ஒன்று பட்டுப்போனாலும் வயல் வெறுமையாவதில்லை. பயறு வகைகள் மண்ணுக்குத் தழைச்சத்தைச் சேர்க்கின்றன. சோளத்தட்டை மாட்டுக்கு, துவரை மார் அடுப்புக்கு. கரிசல் நிலத்தில் மழைக்காலம் முடிந்தபின் விதைக்கும் வெள்ளைச் சோளம், கொண்டைக்கடலை, ஆளி, குசும்பா ஆகியவை மண்ணில் தங்கிய ஈரத்தாலும் பனியாலுமே விளைகின்றன. இவற்றைச் ‘சத்தியப் பயிர்கள்’ என்று பொருள்படும் பெயரால் அப்பகுதிப் பெண்கள் அழைக்கிறார்கள்.

விதை அவர்கள் வீட்டிலேயே இருக்கிறது. சாம்பலும் வேப்பிலையும் கலந்து, சாணமும் மண்ணும் மெழுகிய கூடைகளில் சேமிக்கிறார்கள். விதை இல்லாதவர் சங்கத்தின் விதை வங்கியில் வாங்கி, அறுவடைக்குப்பின் இரு மடங்காகத் திருப்பித் தருகிறார். பணம் கைமாறுவதில்லை. உழவர் தம் விளைபொருளிலிருந்து விதையைச் சேமிக்கவும், பரிமாறவும், வணிகப் பெயரிடாமல் விற்கவும் 2001-ஆம் ஆண்டின் பயிர் வகைகள் மற்றும் உழவர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் இடமளிக்கிறது. களத்தில் பணியாற்றும் தோழர்கள் இந்தச் சட்டத்தின் 39-ஆம் பிரிவை அறிந்திருப்பது நல்லது.

ஜகீராபாத்திலிருந்து ஐதராபாத் செல்லும் நெடுஞ்சாலையில், அதே மாவட்டத்துப் படான்செருவில், வறண்ட வெப்ப மண்டலப் பயிர்களுக்கான பன்னாட்டு ஆராய்ச்சி நிறுவனம் 1972 முதல் இயங்குகிறது. உலகின் மிகப் பெரிய சோள, கம்பு விதைத் தொகுப்புகள் அங்கே குளிர்அறைகளில் உள்ளன. அதே சாலையின் மறுமுனையில் தலித் பெண்ணின் கூடை இருக்கிறது. அறிவு எந்த முனையிலிருந்து எந்த முனைக்குப் பாய வேண்டும் என்பதில் நாட்டின் கொள்கை ஒரு திசையை மட்டுமே இதுவரை அறிந்திருக்கிறது.

அதனால்தான் அந்தப் பெண்கள் ஊடகத்தையும் கையிலெடுத்தார்கள். மச்சனூர் கிராமத்தில் 2008 அக்டோபர் 15 அன்று ‘சங்கம் வானொலி’ ஒலிபரப்பைத் தொடங்கியது. உரிமம் கிடைக்குமுன் அவர்கள் நெடுங்காலம் காத்திருக்க வேண்டியிருந்தது. படக்கருவி இயக்கக் கற்ற பெண்கள் வாரங்கல் பருத்தி உழவர்களின் இழப்பைப் படமாக்கினார்கள். ஒவ்வோராண்டும் சங்கராந்தியையொட்டி விதைக்கூடைகளை ஏற்றிய மாட்டுவண்டிகள் ஊர் ஊராகச் செல்கின்றன. 2019-இல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் ‘ஈக்வேட்டர்’ பரிசு இச்சங்கங்களுக்கு வழங்கப்பட்டது. தக்காண வளர்ச்சிச் சங்கத்தை நிறுவியவர்களுள் ஒருவரான பி.வி. சதீஷ் 2023 மார்ச்சில் மறைந்தார்.

தடைகள் வயலுக்கு வெளியே

இவ்வளவு நன்மை இருந்தும் பக்கத்து ஊர்களில் கரும்பும் பருத்தியும் பரவுவது ஏன்? காரணம் கடன், காப்பீடு, கொள்முதல் ஆகியவற்றின் அமைப்பில் உள்ளது.

2016-இல் வந்த பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம், குறிப்பிட்ட வட்டாரத்துக்கு அறிவிக்கப்பட்ட குறிப்பிட்ட பயிருக்கே பொருந்தும். பதினைந்து பயிர் கலந்த வயலுக்கு அதில் இடமில்லை. இழப்பைத் தானே குறைத்துக்கொள்ளும் உழவருக்குப் பாதுகாப்பு மறுக்கப்படுகிறது, ஒற்றைப் பயிரில் சூதாடுபவருக்கு வழங்கப்படுகிறது. 2018-இல் தெலங்கானா அரசு தொடங்கிய ‘ரைத்து பந்து’, ஏக்கருக்குப் பருவந்தோறும் 4,000 ரூபாய் எனத் தொடங்கி, நிலப் பட்டா வைத்திருப்பவருக்கே பணம் தந்தது. குத்தகைக்கு உழுதவருக்கு எதுவுமில்லை. ஒன்றிய அரசு ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் திட்டமும் அவ்வாறே. நிலம் பெரிதாக இருந்தால் தெலங்கானாத் தொகையும் பெரிதானது. அதே மாநிலத்தில் 2014 ஆகஸ்ட் 15 அன்று, நிலமற்ற தலித் பெண்களுக்கு மூன்று ஏக்கர் என்று தொடங்கிய திட்டம் சில ஆயிரம் குடும்பங்களைத் தாண்டவில்லை.

விலையைப் பாருங்கள். 2024-25-இல் கேழ்வரகுக்குக் குவிண்டாலுக்கு 4,290 ரூபாய் குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கப்பட்டது. கலப்பினச் சோளத்துக்கு 3,371, கம்புக்கு 2,625, சாதாரண நெல்லுக்கு 2,300. தாளில் சிறுதானியமே முந்துகிறது. ஆனால் நெல்லை வாங்க நிலையம் உண்டு, கம்பை வாங்கப் பல மாவட்டங்களில் எவருமில்லை. தினை, சாமை, வரகு, குதிரைவாலிக்கு ஒன்றிய அரசு அந்தத் தாள்விலையைக்கூட அறிவிக்கவில்லை. 2013-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் கிலோ 1 ரூபாய்க்குச் சிறுதானியம் வழங்க வழிவகுத்தது. அதற்காக இந்தியச் சிறுதானிய வலையமைப்பின் வழியே ஜகீராபாத் பெண்களும் குரல் கொடுத்திருந்தார்கள். சட்டத்தில் சொல் நுழைந்தது, பெரும்பாலான கடைகளில் தானியம் நுழையவில்லை.

கொள்முதல் இருந்தால் என்ன நடக்கும் என்பதை ஒடிசா காட்டியது. 2017-இல் தொடங்கிய அம்மாநிலச் சிறுதானிய இயக்கம், பழங்குடி மாவட்டங்களில் கேழ்வரகை ஆதரவு விலைக்கு வாங்கி, ரேஷன் கடைக்கும் அங்கன்வாடிக்கும் அனுப்பியது. கியோஞ்சர் மாவட்டத்து அங்கன்வாடிக் குழந்தைகளுக்குக் கேழ்வரகு லட்டு கிடைத்தது. உழவர்களின் ‘தயக்கம்’ பற்றிய பேச்சு அங்கே அவ்வளவாக எழவில்லை.

வயலுக்குள்ளும் சாதி வேலை செய்கிறது என்பதை மறக்கலாகாது. சொந்த மாடோ உழுபொறியோ இல்லாத தலித் உழவர், நிலவுடைமையாளர் தம் நிலத்தை முடித்தபின்தான் ஏரை வாடகைக்குப் பெறுகிறார். பத்து நாள் தாமதமாக விதைத்த சோளத்தைக் குருத்து ஈ தாக்கும். விளைச்சல் குறைந்ததும், பயிர் சரியில்லை என்றோ உழவருக்குத் திறமை போதாது என்றோ அறிக்கை எழுதப்படும். பறவைகள் இன்னொரு சிக்கல். பத்து ஏக்கர் பருத்திக்கு நடுவே அரை ஏக்கர் கம்பு போட்டவர், வட்டாரத்துக் குருவி அனைத்துக்கும் சோறிட வேண்டியிருக்கும். அக்கம்பக்கத்து நிலங்கள் சேர்ந்து மாறினால்தான் மாற்றம் தாங்கும். தனி உழவரைத் தேர்ந்து ‘முன்னோடி’ ஆக்கும் அரசுத் திட்டங்கள் இங்கேதான் சறுக்குகின்றன.

தினை, சாமை, வரகின் உமியை நீக்குவது கடும் உழைப்பு. உரலும் உலக்கையும் பெண்ணின் தோளை முறித்தன. ரேஷன் அரிசி வந்ததும் பெண்கள் சிறுதானியத்தைக் கைவிட்டதில் இந்த உழைப்பிலிருந்து கிடைத்த விடுதலைக்கும் பங்குண்டு. ஊருக்கு ஓர் உமிநீக்கும் எந்திரம் இல்லாமல் பாரம்பரிய உணவின் பெருமையைப் பேசுவது, அந்த உலக்கையை மீண்டும் பெண்ணின் கையில் திணிப்பதாகும்.

இதற்கிடையே, 2018-இல் அரசிதழில் ‘ஊட்டத் தானியம்’ ஆன இவை, 2023 ஒன்றிய நிதிநிலை அறிக்கையில் ‘ஸ்ரீ அன்னா’ ஆயின. அவ்வாண்டைப் பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக ஐக்கிய நாடுகள் அவை அறிவித்திருந்தது. நாம் உண்டபோது இழிவுணவு என்று ஏளனத்துக்கு உள்ளானது, அங்காடிப் பொட்டலத்தில் ஏறியதும் திருநாமம் பெற்றுவிட்டது.

தமிழ்நாட்டுக்கு

தமிழ்நாட்டு மக்களுள் 20 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். இங்கும் 2023-இல் நீலகிரி, தருமபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் 2 கிலோ அரிசிக்கு மாற்றாகக் கேழ்வரகு வழங்கப்பட்டது. கொள்முதலையும் விநியோகத்தையும் இணைக்கும் சரியான திசை அது. மற்ற புன்செய் மாவட்டங்களுக்கு அது விரிவதும், கொள்முதல் நிலையத்தில் பட்டா இல்லாத குத்தகை உழவரின் மூட்டையும் இறக்கப்படுவதும் கோரிக்கைகளாக வேண்டும்.

நிலக் கேள்விக்கு இங்கே பஞ்சமி என்று பெயர். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீரின் 1891 அறிக்கையைத் தொடர்ந்து 1892-இல் ஒதுக்கப்பட்ட அந்நிலங்களை, குறித்த காலத்துக்குப் பின்னும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கன்றிப் பிறருக்கு விற்க முடியாது என்பது நிபந்தனை. அவற்றுள் பெரும்பகுதி இன்று பிறர் கையில். 1994 அக்டோபரில் காரணையில் அந்நிலம் கேட்டுப் போராடியோர் மீது காவல்துறை சுட்டதில் ஜான் தாமசும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள். மீட்கப்படும் பஞ்சமி நிலமும் பெரும்பாலும் புன்செய்யாகவே இருக்கும். மீட்டவர் முதல் ஈராண்டு அதில் எதை விதைப்பார், வரப்பு கட்டவும் கல் பொறுக்கவும் யார் கூலி தருவார் என்ற கேள்விகளுக்கு விடை இல்லாவிட்டால் நிலம் மீண்டும் குத்தகைக்கோ அடமானத்துக்கோ போகும்.

பணம் இல்லை என்று அரசு சொல்ல முடியாது. மக்கள்தொகை விகிதத்துக்கேற்ப நிதி ஒதுக்கக் கோரும் சட்டம் ஆந்திரத்தில் 2013-இலும், தெலங்கானாவில் 2017-இலும், தமிழ்நாட்டில் 2024-இலும் இயற்றப்பட்டது. சாலைக்கும் கட்டடத்துக்கும் திசைமாற்றப்படும் இந்த நிதியிலிருந்து தலித் பெண்கள் குழுக்களுக்கு நிலக் குத்தகை முன்பணம், ஊர் விதை வங்கி, உமிநீக்கும் எந்திரம், தானியக் கிடங்கு ஆகியவற்றுக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது, எவ்வளவு செலவானது என்று மாவட்டவாரியாகத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய். பதில் 30 நாளில் வர வேண்டும். சொந்த மாவட்டத்திலிருந்து தொடங்குவது கல்லூரி மாணவருக்கு எளிது.